அண்டியாபீஸ் குப்பைக்குக் கார்பன் கணக்கு: பெருக்கினால் போதுமா?

கேள்வி, 9 ஜூன் 2025

வெளிநாட்டில் சரக்கு எடுக்கிறவர்கள் இப்போது கார்பன் கணக்கும், அதாவது பூமியைச் சூடாக்குகிற வாயு நம்மால் எவ்வளவு போகிறது என்ற கணக்கும், கேட்கிறார்கள். கரண்டுக்கு பில் இருக்கிறது, டீசலுக்கு பில் இருக்கிறது, அதெல்லாம் சரி. கழிவுக்கு மட்டும் ஏன் இத்தனை அலட்டல்? வருஷத்துக்கு எத்தனை டன் குப்பை என்று பார்த்து ஒரு எண்ணால் பெருக்கினால் முடிந்தது. அரை நாள் வேலை. அந்த எண்ணை மட்டும் யாராவது சொல்லுங்கள். நான் தும்பு ஆலையில் கணக்கு எழுதுகிறேன்.

பதில், 9 ஜூன், இரவு

அரை நாள் என்றுதான் நானும் நினைத்தேன். போன வருஷம் அரை நாளில் முடித்து அனுப்பியும் விட்டேன். அந்தக் கணக்கு தப்பு.

மார்த்தாண்டத்துக்கும் களியக்காவிளைக்கும் நடுவில் ஒரு அண்டியாபீஸில் ஸ்டோர் பார்க்கிறேன். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், அண்டியாபீஸ் என்றால் முந்திரி ஆலை. 240 பேர் வேலை செய்கிறார்கள், முக்கால்வாசிக்கு மேல் பெண்கள். கேண்டீன் உண்டு.

நீங்கள் கேட்கிற அந்த ஒற்றை எண் இல்லவே இல்லை. நாளை எழுதுகிறேன், தராசு விஷயமாக ஒரு சண்டை ஓடிக்கொண்டிருக்கிறது.

10 ஜூன்

ஒரு டன் சோற்றுக் கழிவை எடுத்துக்கொள்ளுங்கள். ஐநா காலநிலைக் குழுவான ஐபிசிசியின் 2006 வழிகாட்டியில் ஐந்தாம் தொகுதி முழுக்கக் கழிவுதான். அது சொல்கிறபடி போட்டால்: ஈர எடையில் 15 சதவீதம் மட்குகிற கார்பன், அதாவது 150 கிலோ. அதில் பாதிதான் உண்மையில் மட்கும், 75. வருகிற வாயுவில் பாதி மீத்தேன், 37.5. கார்பனை மீத்தேனாக மாற்ற 16/12 ஆல் பெருக்கினால் 50 கிலோ.

இதுவரைக்கும் பெருக்கல்தான், நீங்கள் சொன்ன மாதிரி. அடுத்து ஒரு கேள்வி வரும்: எங்கே கொண்டுபோய்க் கொட்டினீர்கள்? மூடிப் பராமரிக்கிற கிடங்கு என்றால் அந்த 50 முழுக்க நிற்கும். ஐந்து மீட்டருக்குக் குறைந்த, யாரும் பார்க்காத மேடு என்றால் 0.4 ஆல் பெருக்க வேண்டும், 20 கிலோதான். காற்று உள்ளே போவதால் மீத்தேன் குறைகிறது. ஆழமான குவியல் என்றால் 0.8, 40 கிலோ. சூடாக்குவதில் ஒரு கிலோ மீத்தேன் 28 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம் என்று 28 மடங்கு போட்டால் மூன்றும் முறையே 1,400 கிலோ, 560 கிலோ, 1,120 கிலோ கார்பன் டை ஆக்சைடு சமானம். உரக்குழியில் ஒழுங்காக மட்கவைத்தால் டன்னுக்கு 4 கிலோ மீத்தேனும் 240 கிராம் நைட்ரஸ் ஆக்சைடும். இரண்டையும் அதேபோல மாற்றிக் கூட்டினால் 176 கிலோ சமானம்.

ஒரே சோறு. 176 முதல் 1,400 வரை, எட்டு மடங்கு வித்தியாசம். எந்த எண்ணைச் சொல்ல?

10 ஜூன், சற்று கழித்து

28 என்பது ஐபிசிசி ஐந்தாம் அறிக்கையின் நூறு வருஷக் கணக்கு. நான்காவதில் 25, ஆறாவதில் சோறு, இலை மாதிரியானவற்றிலிருந்து வருகிற மீத்தேனுக்கு 27. வாங்குகிறவர் படிவத்தில் எது இருக்கிறதோ அதைப் போடுங்கள், ஆனால் எதைப் போட்டோம் என்று எழுதி வையுங்கள். இருபது வருஷக் கணக்கு எடுத்தால் 80 மடங்கு. அதை எங்கள் முதலாளியிடம் நான் சொல்லவில்லை.

12 ஜூன்

"முந்திரித் தோடு மலைபோலக் குவியுமே, அதை விட்டுவிட்டு கேண்டீன் வாளியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீரே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. அண்டியின் எடையில் முக்கால் பங்கு தோடுதான்.

ஆனால் தோடு எங்களுக்குக் குப்பை இல்லை. எண்ணெய் ஆட்டுகிறவர் காசு கொடுத்து எடுக்கிறார். அந்த எண்ணெய் பெயிண்டுக்கும் பிரேக் லைனிங்குக்கும் போகிறது, பிண்ணாக்கு சூளைக்குப் போகிறது. பருப்பின் மேல் இருக்கிற செந்தொலிக்கும் விலை உண்டு, துவர்ப்புச் சத்துக்காகத் தோல் பதனிடுகிறவர்கள் வாங்குவார்கள். விற்கிற பொருளைக் கழிவு என்று எழுதினால் ஆடிட்டர் சிரிப்பார். மீதித் தோடு எங்கள் பாய்லரிலேயே எரிகிறது. அது கழிவுக் கணக்கில் வராது, எரிபொருள் கணக்கு, ஸ்கோப் 1, அதாவது நாமே நேராக விடுகிற புகை. மரத்திலிருந்து வந்த கார்பன் என்பதால் அந்தக் கார்பன் டை ஆக்சைடைத் தனி வரியில் காட்ட வேண்டும், மொத்தத்தில் சேர்க்கக்கூடாது. மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடும் மட்டும் மொத்தத்தில் சேரும். கிலோவுக்கு 18 மெகாஜூல் என்று வைத்தால் டன் தோட்டுக்கு அவை இரண்டும் சேர்ந்து 34 கிலோ வருகிறது. தனி வரியிலோ 1,800 கிலோ. மலை ஓரமாகப் போய்விடுகிறது, வாளி நடுவில் நிற்கிறது. எனக்கே இது கொஞ்சம் உறுத்தல்தான்.

17 ஜூன்

தராசு கிடைத்தது.

21 ஜூன்

சரி, தராசுக் கதை. போன வருஷம் நான் என்ன செய்தேன் என்றால், நாளைக்கு இரண்டு நீல டிரம், ஒன்று 50 கிலோ இருக்கும் என்று கண்ணால் பார்த்தே எழுதினேன். 100 கிலோ, 300 நாள், 30 டன். இந்தத் தடவை நிறுத்துப் பார்ப்போம் என்று டிரம்மைத் தூக்கிக்கொண்டு பருப்புத் தராசுப் பக்கம் போனேன். அங்கே வேலை செய்கிறவர்களுக்குக் கூலி கிலோக் கணக்கில். தராசு அவர்களுக்கு சாமி மாதிரி. "சோத்துத் தண்ணிய எங்க தராசுல வச்சா நாங்க எந்திரிச்சுப் போயிருவோம் சார்" என்று ஒரு அக்கா சொல்லிவிட்டார். சொன்னதில் தப்பே இல்லை. நூறு கிராம் ஈரம் ஒட்டினால் யாருடைய கூலியில் கை வைப்பது?

மேனேஜரிடம் நான்கு நாள் நடந்து, கடைசியில் மீன் சந்தையில் வைத்திருப்பார்களே, அந்த மாதிரி ஒரு தூக்குத் தராசு வாங்கினோம். கேண்டீன் வாசல் உத்தரத்தில் கொக்கி. நான்கு நாள் எடை: 31, 44, 35, 34. சராசரி 36. நூறு என்று எழுதியவன் நான்.

டிரம் முக்கால்தான் நிறைகிறது, அதிலும் பாதி நாள் ஒரு டிரம்தான் போகிறது. இதையெல்லாம் கேண்டீன் அக்காவிடம் போன வருஷமே கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

2 ஜூலை

போன வருஷம் "உரமாக்கல்" என்று டிக் அடித்ததற்கு ஒரே ஆதாரம், எடுத்துப்போகிற கான்ட்ராக்டர் போனில் சொன்னது. இந்த வருஷம் திரும்பக் கேட்டபோது "அது பன்றிப் பண்ணைக்கு சார்" என்றார். உரமா, பன்றியா? இரண்டுக்கும் எண் வேறு. பன்றி தின்றுவிட்டால் அது மறுபயன்பாடு. எங்கள் கணக்கில் வண்டி டீசல் தவிர ஒன்றும் நிற்காது, சாணம் பண்ணைக்காரர் கணக்கு.

இன்று காலை கான்ட்ராக்டரின் குட்டியானை வண்டிக்குப் பின்னாலேயே பைக்கில் போனேன். களியக்காவிளை தாண்டி, பாறசாலை தாண்டி, உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்து ஓரம் பண்ணை. மழை தூறிக்கொண்டிருந்தது. ஹோட்டல் டிரம் மூன்றை இறக்கினார்கள். எங்கள் டிரம்மைப் பண்ணைக்காரச் சேட்டன் மூடியைத் திறந்து ஒரு கம்பால் கிண்டினார். பேப்பர் கப், தேயிலைச் சக்கை, ஒரு ஷாம்பூ பாக்கெட். மூடிவிட்டுக் கையால் "கொண்டுபோ" என்றார்.

வண்டி திரும்பியது. எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு பழைய பாறமடை, கல் வெட்டியெடுத்த குழி. டிரம் கவிழ்ந்தது. டிரைவர் தம்பி என்னைப் பார்த்துச் சிரித்தான், நானும் சிரித்து வைத்தேன். வேறென்ன செய்ய?

3 ஜூலை

ராத்திரி உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். போன வருஷம் அனுப்பியது: 30 டன், உரமாக்கல், 5.3 டன் சமானம். உண்மை: 36 கிலோ, 300 நாள், 10.8 டன், யாரும் பார்க்காத ஆழமில்லாத குழி, 6 டன் சமானம்.

ஐந்தும் ஆறும்! எடையில் மூன்று மடங்கு கூட்டி எழுதினேன், போய்ச் சேர்ந்த இடத்தில் மூன்று மடங்கு குறைத்து எழுதினேன். ஒன்றுக்கொன்று கழிந்து நிஜத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டது. இதைப் பார்த்துவிட்டு மேனேஜர், "அப்போ போன வருஷக் கணக்கு சரிதானே, ஏன் பைக்குக்குப் பெட்ரோல் கேட்கிறாய்?" என்றார்.

8 ஜூலை

திருத்தம். 3ஆம் தேதி எழுதியதும் தப்பு. குழியில் தண்ணீர் நிற்கிறதா என்று ஒருவர் கேட்டிருந்தார். நிற்கிறது. பச்சையாக, பாசி பிடித்து, இடுப்பளவு. எங்கள் மாவட்டத்துக்குத் தென்மேற்கும் உண்டு, வடகிழக்கும் உண்டு. அந்தப் பாறமடை முழுசாகக் காய்ந்து நான் பார்த்ததில்லை.

ஐபிசிசி அட்டவணையில் 0.8 என்பது ஆழத்துக்கு மட்டுமில்லை, நீர்மட்டம் மேலே இருக்கிற இடத்துக்கும் சேர்த்துத்தான். தண்ணீருக்குள் காற்று எங்கே போகும்? ஆக 6 இல்லை, 12.1 டன். நான் ஆழத்தை மட்டும் படித்துவிட்டு அடுத்த சொல்லைப் படிக்கவில்லை.

9 ஜூலை

இல்லை, மேனேஜரிடம் இன்னும் சொல்லவில்லை.

15 ஜூலை

மறுசுழற்சிக்கு மைனஸ் போடலாமா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். எங்களுக்கும் இந்தச் சண்டை நடந்தது. ஒரு ஆலோசகர் வந்தார் (பெயர் வேண்டாம்). அட்டைப்பெட்டியும் தகர டின்னும் ஆக்கர்க்காரருக்கு (பழைய சாமான் வாங்குகிறவர்) போடுகிறோமே, அதற்கு மைனஸ் மூன்று டன் காட்டி, கேண்டீன் கணக்கை அதில் கழித்து, கீழே அழகாக ஒரு சின்ன எண் போட்டிருந்தார்.

அந்த மைனஸ் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் வார்ம் என்கிற கருவியிலிருந்து வந்தது. குழியில் போடுவதா, மறுசுழற்சிக்குக் கொடுப்பதா, எது மேல் என்று ஒப்பிட அது நல்ல கருவி. ஆண்டுக் கணக்கு எழுத அதைப் பயன்படுத்தாதே என்று அவர்களே சொல்கிறார்கள். கம்பெனிகள் கார்பன் கணக்கு எழுதுகிற பொது விதிமுறையான ஜிஎச்ஜி புரோட்டோகாலில் கழிவு என்பது ஸ்கோப் 3இன் (நமக்காக வெளியாள் இடத்தில் வருகிற புகை) ஐந்தாவது இனம். அங்கே மறுசுழற்சியால் தவிர்த்த உமிழ்வைக் கழிக்கக்கூடாது, வேண்டுமானால் வேறிடத்தில் தனியாகச் சொல்லலாம். பழைய அட்டையைப் புது அட்டையாக்குகிற ஆலையின் புகை அந்த ஆலையின் கணக்கு. நமக்கு வண்டி மட்டும். பிரிட்டன் அரசின் 2023 அட்டவணையில் மறுசுழற்சிக்கு டன்னுக்கு 21 கிலோ சொச்சம் இருந்ததும் அதனால்தான், அது வண்டிக் கணக்கு.

ஆலோசகர் "எல்லாரும் இப்படித்தான் சார் போடுகிறார்கள்" என்றார். ஆக்கர்க்காரர் கொடுக்கிற காசு ஏற்கெனவே வரவில் இருக்கிறது, அதைக் கடன் பாக்கியிலும் கழிப்பேன் என்றால் எந்தக் கடைக்காரராவது ஒத்துக்கொள்வாரா?

16 ஜூலை

மேலே வண்டி என்று சொன்னதால் வண்டிக் கணக்கையும் போட்டேன். குட்டியானை போய்வர 28 கிலோமீட்டர், லிட்டருக்கு 15, டீசலுக்கு லிட்டருக்கு 2.68 கிலோ. ஒரு நடைக்கு 5 கிலோ. வருஷத்துக்கு 150 நடை, முக்கால் டன். அதிலும் ஹோட்டல் டிரம்களோடு பங்கு. போக்குவரத்தைச் சேர்ப்பது விருப்பம்தான். நான் சேர்த்தேன், பைக்கில் நனைந்ததற்காகவாவது.

17 ஜூலை

சட்டம் கேட்டவருக்கு: பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற செபியின் பிஆர்எஸ்ஆர் (சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு பற்றிய ஆண்டறிக்கை) 2022-23 முதல் சந்தை மதிப்பில் முதல் 1000 பட்டியலிட்ட நிறுவனங்களுக்குக் கட்டாயம். எத்தனை டன் கழிவு, எவ்வளவு மறுசுழற்சி, எவ்வளவு எரிப்பு, எவ்வளவு குழி என்று பிரித்துக் கேட்கும். நம்மைப் போன்ற சின்ன ஆலைக்கு அது நேராக வராது, வாங்குகிறவர் வழியாக வரும்.

28 ஜூலை

பிளாஸ்டிக்கைப் பற்றி எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்தேன், ஏனென்றால் அது குழப்பும்.

பருப்பு அடைக்கிற வாக்குவம் பையில் வெட்டு விழுந்தது, ஒட்டு பிசகியது எல்லாம் வருஷத்துக்கு ஒரு டன்னுக்கு மேல் மிஞ்சும். பல அடுக்கு என்பதால் ஆக்கர்க்காரர் தொடமாட்டார். இதைக் குழியில் போட்டால் கார்பன் கணக்கு கிட்டத்தட்ட பூஜ்யம், பிளாஸ்டிக் மட்காதே! எரித்தால் கிலோவுக்கு ஏறக்குறைய 3 கிலோ. பாலித்தீனில் 86 சதவீதம் கார்பன், அதுவும் பூமிக்கடியிலிருந்து எடுத்த கார்பன், தனி வரியில் ஒதுக்க வழியில்லை. சிமெண்ட் சூளைக்கு எரிபொருளாக அனுப்பினால் திரும்பவும் நமக்கு வண்டி மட்டும், புகை சூளைக்காரர் கணக்கு.

ஆக, இந்தக் கணக்கை மட்டும் பார்க்கிறவன் சோற்றைக் குழியில் போடாதே, பிளாஸ்டிக்கைப் போடு என்பான். மாட்டு வயிறும் கிணற்றுத் தண்ணீரும் இந்தத் தாளில் இல்லை. மேனேஜர் இதைக் கேட்டதும் முகம் மலர்ந்தது. உடனே பேச்சை மாற்றினேன்.

இன்னொன்று. குழியில் போட்டது குழியிலேயே கிடக்கும் என்று நினைத்துத்தான் இந்தச் சூத்திரங்கள் எல்லாம். 2023 மார்ச் 2 அன்று கொச்சி பிரம்மபுரத்தில் குப்பை மலை பற்றி எரிந்து பத்து நாளுக்கு மேல் அணையவில்லை. அதற்கு முந்தின வருஷம் "குழி, பிளாஸ்டிக், பூஜ்யம்" என்று எழுதிய கொச்சி ஆபீஸ்கள் ஏதாவது அதைத் திரும்பத் திறந்து திருத்தியிருக்குமா?

11 ஆகஸ்ட்

"கேரளாக் குப்பை இங்கே வந்தால் யார் கணக்கு?" இந்தக் கேள்வி எப்படியும் வரும் என்று தெரியும், எல்லையில் இருக்கிறோமே. 2024 டிசம்பரில் திருவனந்தபுரம் பக்கத்து மருத்துவக் கழிவு திருநெல்வேலி நடுக்கல்லூர், கொடகநல்லூர் பக்கம் கிடந்ததும், பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டு, 22ஆம் தேதி கேரள அதிகாரிகளே லாரியோடு வந்து அள்ளிக்கொண்டு போனதும் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும்.

கணக்குப்படி கேள்விக்கே இடமில்லை. கழிவு யாருடைய வாசலில் பிறந்ததோ அவர் கணக்கு. செக்போஸ்ட்டெல்லாம் அதற்குத் தெரியாது. ஆனால் அந்த மூட்டைகளைப் பெற்றவர்கள் தங்கள் தாளில் என்ன எழுதியிருப்பார்கள்? மருத்துவக் கழிவில் மஞ்சள் பை என்றால் எரியூட்டி. எரியூட்டி என்று எழுதி, அதற்கான எண்ணைப் போட்டு, கையெழுத்தும் போட்டிருப்பார்கள். நான் "உரமாக்கல்" என்று எழுதிய மாதிரி. அவர்களை நான் திட்டப்போவதில்லை, எனக்கு அந்தத் தகுதி ஜூலை 2 அன்று போய்விட்டது.

அங்கிருந்து இங்கே வருவதைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறோம். எங்கள் டிரம் அங்கே போய், வேண்டாம் என்று திருப்பி அனுப்பப்பட்டு வந்துகொண்டிருந்தது.

20 ஆகஸ்ட்

இன்னொரு திருத்தம், இதுதான் கடைசி என்று சொல்லத் தைரியமில்லை. டிரம்மில் கால்வாசி கஞ்சித் தண்ணீர். ஐபிசிசியின் 15 சதவீதக் கார்பன் என்பது ஈரக் கழிவில் 40 சதவீதமாவது காய்ந்த பொருள் இருக்கிறது என்கிற நினைப்பில் போட்டது. நான் தண்ணீரை நிறுத்துவிட்டு மீத்தேன் என்று எழுதிக்கொண்டிருக்கிறேன். கேண்டீன் அக்கா ஒரு வாரம் சோறு வடிக்கிற கூடையில் வடித்துக் கொடுத்தார். 36 கிலோ 27 ஆனது. 8.1 டன், 0.8 குழி, 9.1 டன் சமானம். வடித்த தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்காதீர்கள், கேட்டால் கழிவுநீர்க் கணக்கு தொடங்க வேண்டும்.

22 ஆகஸ்ட்

தொடங்கிவிட்டேன்.

4 செப்டம்பர்

இன்று ஆலையில் ஓணச் சத்யை. இலை, பாயசம், எரிசேரி மிச்சம் எல்லாம் சேர்த்து 118 கிலோ, தூக்குத் தராசில் மூன்று தடவையாகத் தூக்கினோம். 2016 திடக்கழிவு விதியில் நாளைக்கு 100 கிலோவுக்கு மேல் போனால் பெருங்கழிவு உண்டாக்குபவர். நல்லவேளை, அங்கே சராசரிதான் கணக்கு.

பேப்பர் கப் போய் ஒரு மாதம் ஆகிறது, ஸ்டீல் டம்ளர். தேயிலைச் சக்கைக்குத் தனி வாளி, அது வாழைக்கு. பன்றிப் பண்ணைச் சேட்டன் ஆகஸ்ட் இரண்டாம் வாரத்திலிருந்து எங்கள் டிரம்மை எடுக்கிறார். இலையை மட்டும் இன்று திருப்பி அனுப்பிவிட்டார்.

19 செப்டம்பர்

போன வருஷக் கணக்கைத் திருத்தி அனுப்பினேன். 5.3ஐ அடித்து, வண்டியைத் தனியாக வைத்து, 9.1. போன வருஷம் நிறுக்கவில்லை, இந்த வருஷ எடையைப் பின்னால் இழுத்துப் போட்டிருக்கிறேன் என்பதையும் எழுதினேன். மேனேஜர் கையெழுத்துப் போட்டார், முகத்தைப் பார்க்கவில்லை.

தும்பு ஆலைக்காரர் "கடைசியில் எத்தனை நாள் ஆயிற்று?" என்று கேட்டிருக்கிறார். மூன்று மாதம் பத்து நாள். பெருக்கலுக்கு அரை நாள், அதில் நீங்கள் சொன்னது சரி.

வாங்குகிறவரிடமிருந்து பதில் வந்தது. அதிகரித்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆகஸ்ட் முதல் பன்றித் தீவனம் என்று எழுதியிருக்கிறீர்களே, பெறுகிற இடத்தின் எடைச்சீட்டு உண்டா என்று மட்டும் கேட்கிறார்கள். நேற்று பாறசாலைக்குப் போனேன். சேட்டனிடம் எடைச்சீட்டு ஏது? பழைய காலண்டர் ஒன்று கொட்டகையில் தொங்குகிறது. எடுத்த நாளுக்கு ஒரு கோடு, திருப்பி அனுப்பிய நாளுக்கு ஒரு வட்டம். செப்டம்பர் 4இல் வட்டத்துக்குள் மலையாளத்தில் "இல" என்று எழுதியிருக்கிறார். அதை போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறேன்.